நியூ ஆர்லியன்ஸை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கேள்வி: அமெரிக்காவில் பல இனத்தவர் சேர்ந்து வாழும் ஒரு நகரத்தின் வரலாற்றையும் பண்பாட்டையும் முறையாகப் படிக்க விரும்புகிறேன். நியூ ஆர்லியன்ஸைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அங்கே பத்து நாள் தங்கும் வாய்ப்பும் வருகிறது. எங்கிருந்து தொடங்குவது? எனக்குப் பிரெஞ்சு தெரியாது, அது தடையாகுமா?

நல்ல ஊரைத்தான் எடுத்திருக்கிறீர்கள். தொடங்கும்போதே ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். இந்த ஊரைப் பற்றி எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் முதல் பக்கத்திலேயே ‘கம்போ’ என்ற குழம்பு வந்துவிடும். வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, குழம்பைக் கெட்டியாக்கும் சாசஃப்ராஸ் இலைப்பொடி சாக்டா பழங்குடியினரிடமிருந்து வந்தது, மாவைக் கொழுப்பில் வறுக்கும் முறை பிரான்சிலிருந்து வந்தது, எல்லாம் ஒரே பானையில் கலந்ததுபோல் மக்களும் கலந்துவிட்டார்கள் என்று முடிப்பார்கள். பொருட்களைப் பற்றிய தகவல் சரிதான். அந்தப் பானையைக் கிளறியவர் யார், அவருக்குக் கூலி கிடைத்ததா, பிடிக்காவிட்டால் அடுப்படியை விட்டு வெளியே போக அவரால் முடிந்ததா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்த ஊர் மக்கள் விரும்பிக் கலந்தது கொஞ்சம்; சட்டமும் சந்தையும் போரும் அவர்களை ஒரே தெருவில் கொண்டுவந்து நிறுத்தியதுதான் அதிகம். யார், எந்தச் சட்டத்தின் கீழ், யாருக்குப் பக்கத்து வீட்டில் வாழ நேர்ந்தது என்று பார்த்துக்கொண்டே போங்கள். இசையும் சாப்பாடும் திருவிழாவும் அப்போதுதான் விளங்கும்.

அதனால் பிரெஞ்சுக்காரர், ஆப்பிரிக்கர், ஐரிஷ்காரர், இத்தாலியர் என்று இனவாரியாகப் பிரித்துப் படிக்க வேண்டாம் என்பேன். ஒரே ஒரு பேட்டையை எடுத்துக்கொண்டு, அங்கே முந்நூறு ஆண்டுகளில் யார் யார் வந்தார்கள், யார் யார் விரட்டப்பட்டார்கள் என்று பாருங்கள். என் தேர்வு ட்ரெமே. சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் ஃப்ரெஞ்ச் குவார்ட்டரிலிருந்து ராம்பார்ட் தெருவைத் தாண்டினால் அங்கே ஆரம்பிக்கிறது. அமெரிக்காவின் மிகப் பழைய கறுப்பினக் குடியிருப்புகளில் ஒன்று.

முதலில் வரைபடத்தை விரித்து வையுங்கள். கட்டம் கட்டமாகப் போகும் தெருக்களுக்கு நடுவே பேயூ ரோடு மட்டும் கோணலாக வளைந்து போகும். ஊரைவிடப் பழைய பாதை அது. சுற்றிலும் சதுப்பு நிலம். அதன் நடுவே கொஞ்சம் மேடான இடத்தில், செயின்ட் ஜான் ஓடைக்கும் மிசிசிப்பி ஆற்றுக்கும் இடையே பழங்குடி மக்கள் சுமையோடு நடந்துபோன குறுக்குவழி. கடலிலிருந்து ஆற்று முகத்துவாரம் வழியாகச் சுற்றிக்கொண்டு வராமல், ஏரி வழியாக வந்து இந்தக் குறுக்குவழியில் ஆற்றை அடைந்துவிடலாம் என்பதால்தான் பிரெஞ்சு அதிகாரி பியன்வில் 1718-இல் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். ஆக, பிரெஞ்சுக்காரர் கட்டிய ஊர் என்று நாம் சொல்வதற்கே ஆதாரம் பழங்குடியினர் காட்டிய வழி.

அப்புறம் ஆட்சி மாற்றங்கள். இதை ஒரு மாலையில் படித்து முடித்துவிடலாம். 1762-இல் பிரான்ஸ் ஓர் இரகசிய ஒப்பந்தத்தில் நியூ ஆர்லியன்ஸ் உட்பட்ட லூசியானாப் பகுதியை ஸ்பெயினுக்குக் கொடுத்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து அது பிரான்சின் கைக்குத் திரும்பி, 1803 டிசம்பர் 20-ஆம் தேதி அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டது. மொத்த நிலப்பரப்புக்கும் பேசிய விலை 1.5 கோடி டாலர். இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. ஃப்ரெஞ்ச் குவார்ட்டரில் இன்று பிரெஞ்சுக் கட்டடம் என்று காட்டப்படுவதில் பெரும்பாலானவை பிரெஞ்சு ஆட்சியில் கட்டப்பட்டவை அல்ல. 1788-இல் பெரிய வெள்ளியன்று பிடித்த தீயில் 856 கட்டடங்கள் எரிந்தன, 1794-இல் இன்னொரு தீ. செங்கல் சுவரும் உள்முற்றமும் ஸ்பானிய ஆட்சியிலும் அதற்குப் பிறகும் எழுந்தவை.

கொடிகளைவிடச் சட்டங்களில் நேரம் செலவிடுங்கள். பிரெஞ்சு அரசு 1724-இல் லூசியானாவுக்குக் கொண்டுவந்த அடிமைச் சட்டம் கொடூரமானது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அடிமைகளை வேலை வாங்கக்கூடாது என்று ஒரு விதி அதில் இருந்தது. கத்தோலிக்க மதத்துக்காக வைத்த அந்த விதி, அந்த மக்களுக்கு வாரத்தில் ஒரு நாளைக் கொடுத்தது. அந்த நாளில் ஊருக்குப் பின்புறத்து வெட்டவெளியில் கூடினார்கள்; தாங்கள் விளைவித்ததையும் செய்ததையும் விற்றார்கள், பறை அடித்து ஆடினார்கள். 1817-இல் நகர நிர்வாகம், அடிமைகள் கூடுவதானால் ஞாயிற்றுக்கிழமை, மேயர் குறிப்பிடும் இடத்தில் மட்டும் என்று கட்டுப்படுத்தியது. அந்த இடம்தான் காங்கோ சதுக்கம். 1819-இல் கட்டடக்கலைஞர் பெஞ்சமின் லாட்ரோப் அங்கே ஐந்நூறு அறுநூறு பேர் கூடியிருப்பதைப் பார்த்து, அவர்கள் வாசித்த பறைகளையும் ஒரு நரம்புக் கருவியையும் படமாக வரைந்து வைத்தார். ஜாஸ் இசை இங்கேதான் பிறந்தது என்று ஒரு வரியில் சொல்வது மிகை. ஆப்பிரிக்கத் தாளம் வெளிப்படையாக ஒலிக்க இவ்வளவு காலம் இடம் கிடைத்த ஊர் அமெரிக்காவில் வேறு அரிது என்பது உண்மை.

ஸ்பானிய ஆட்சி இன்னொரு வாசலைத் திறந்தது. ஓர் அடிமை தன் விலையைச் சேர்த்துக் கொடுத்துத் தன்னையே மீட்டுக்கொள்ளலாம். எசமானர் மறுத்தால் நீதிமன்றம் போகலாம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் காய்கறியும் பலகாரமும் விற்றுச் சேர்த்த காசில் தன்னையும் பிள்ளைகளையும் மீட்ட பெண்கள் ஏராளம். இப்படி வளர்ந்ததுதான் ‘சுதந்திர நிற மக்கள்’ என்ற வகுப்பு. வெள்ளையருமல்ல, அடிமைகளுமல்ல, கொத்தனார், தச்சர், தையற்காரர், இசை ஆசிரியர், வீட்டுச் சொந்தக்காரர். அவர்களில் சிலர் தாங்களே அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பதையும் மறைக்காமல் படிக்க வேண்டும். அமெரிக்க ஆட்சி வந்ததும் இந்த வாசல் படிப்படியாக மூடி, 1857-இல் அடிமையை விடுவிப்பதையே லூசியானா தடை செய்தது.

இந்த வகுப்புக்கு எண்ணிக்கை பலம் தந்தது ஹெய்ட்டி. புரட்சிக்குத் தப்பிக் கியூபாவுக்குப் போயிருந்தவர்களை, நெப்போலியன் ஸ்பெயின்மீது படையெடுத்த பிறகு ஸ்பானிய அரசு வெளியேற்றியது. 1809, 1810 ஆண்டுகளில் 9,000-க்கும் மேற்பட்டோர் நியூ ஆர்லியன்ஸில் வந்து இறங்கினார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெள்ளையர், ஒரு பங்கு சுதந்திர நிற மக்கள், ஒரு பங்கு அடிமைகள். ஊரின் மக்கள்தொகை கிட்டத்தட்ட இரட்டிப்பானது. அதே 1810-இல்தான் குளோத் ட்ரெமே என்பவரின் தோட்டத்தை நகரம் வாங்கி மனைகளாகப் பிரிக்க ஏற்பாடு செய்தது. மனை வாங்கியவர்களில் சுதந்திர நிற மக்கள் நிறையப் பேர்.

இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் நியூ ஆர்லியன்ஸ் மற்ற அமெரிக்க ஊர்களை மிஞ்சுகிறது. லூசியானாவில் சொத்து, கடன், திருமண ஒப்பந்தம், உயில் எல்லாவற்றையும் நோட்டரி முன்னால் எழுதிப் பதியும் ஐரோப்பியச் சிவில் சட்ட முறை இருந்தது. அந்த ஆவணங்கள் சுமார் 4 கோடிப் பக்கங்கள், நகர நோட்டரி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நம் ஊரில் தாய்ப்பத்திரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மனை கைமாறிய கதையைப் பின்னோக்கிப் படிப்பதுபோல, ட்ரெமேயில் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு பழைய தோட்டம்வரை போகலாம்.

அங்கே போனால் கட்டாயம் பார்க்க வேண்டியது பழைய ஏல வரைபடங்கள். வீடு ஏலத்துக்கு வரும்போது பொதுமக்கள் பார்வைக்கு மாட்டி வைக்க நீர்வண்ணத்தில் வரைந்தவை, ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தெருவிலிருந்து பார்த்தால் தெரியும் முகப்பு, சன்னல் கதவின் பச்சை, கீழே மனையின் தளப்படம். தளப்படத்தில் பின்கட்டைப் பாருங்கள். தனிச் சமையற்கட்டு, மழைநீர்த் தொட்டி, கிணறு, கழிப்பறை, சமையற்கட்டின் மேல்மாடியில் அடிமைகள் படுக்கும் சின்னச் சின்ன அறைகள். எசமானரும் அடிமையும் இருபதடி தூரத்தில் வாழ்ந்தார்கள் என்று புத்தகத்தில் படிப்பது வேறு, அந்த இருபதடியைத் தாளில் பார்ப்பது வேறு.

அதே காப்பகத்தில் மனிதர்களை விற்ற பத்திரங்களும் இருக்கின்றன. உள்நாட்டு அடிமைச் சந்தையில் மிகப்பெரியது நியூ ஆர்லியன்ஸ். இங்கே விற்கப்பட்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பத்திரத்தில் விற்பவர், வாங்குபவர் பெயர் வரும். பிறகு விற்கப்படுபவரின் பெயர், வயது, நிறம், தெரிந்த தொழில், விலை. அப்புறம் உத்தரவாதம்: தொழுநோய், பைத்தியம், வலிப்பு இல்லை, திருடும் பழக்கமும் ஓடிப்போகும் பழக்கமும் இல்லை என்று விற்பவர் உறுதி தர வேண்டும். பொய்யானால் விற்பனை ரத்து. இந்தப் பத்திரங்களை ஆண்டுக்கணக்கில் தேடித் தொகுத்தவர் வரலாற்றாசிரியர் குவெண்டலின் மிட்லோ ஹால். லூசியானாவில் அடிமைப்படுத்தப்பட்ட சுமார் ஒரு லட்சம் பேரின் விவரம், அவர்களில் பலர் ஆப்பிரிக்காவில் எந்த இனத்தவர் என்பது உட்பட, அவர் தொகுத்த தரவுத்தளத்தில் கிடைக்கிறது. இணையத்தில் இலவசம். புறப்படுவதற்கு முன்பே அதில் சில நாட்கள் உட்காருங்கள். இந்த ஊரைப் பற்றி எழுதப்பட்ட எந்த விளக்கமும் அந்தப் பெயர்களுக்கு ஈடாகாது.

உள்நாட்டுப் போர்க் காலத்துக்கு வந்தால், ட்ரெமேயின் படித்த சுதந்திர மக்கள் முன்னணிக்கு வருகிறார்கள். மருத்துவர் லூயி சார்ல் ருடானே 1864-இல் தொடங்கிய ‘ட்ரிப்யூன்’, அமெரிக்காவில் கறுப்பினத்தவர் நடத்திய முதல் நாளேடு. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வந்தது. பழைய சுதந்திர மக்களும் நேற்றுவரை அடிமையாக இருந்தவர்களும் ஒன்றாக நின்றால்தான் உரிமை என்று அது எழுதியது. 1868-இன் மாநில அரசியலமைப்பு பொதுப் பள்ளிகளை எல்லா இனத்தவருக்கும் திறந்தது. 1870-களில் சில ஆண்டுகள் நியூ ஆர்லியன்ஸில் வெள்ளைக் குழந்தைகளும் கறுப்புக் குழந்தைகளும் சேர்ந்து படித்தார்கள். ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுச் சிறுமி காவலர் துணையோடு பள்ளிக்குள் நுழைந்த 1960-க்குத் தொண்ணூறு ஆண்டுகள் முன்னால்! இதைத் தெரிந்துகொண்டவர்கள், இன ஒதுக்கலை ‘காலங்காலமாக இருந்த வழக்கம்’ என்று இனிமேல் சொல்ல மாட்டார்கள். இருந்ததைப் பறித்தார்கள், அதுதான் நடந்தது.

பறிக்கும்போது எதிர்த்தவர்களும் அதே பேட்டைக்காரர்கள். ஹோமர் பிளெஸ்ஸி செருப்புத் தைக்கும் தொழிலாளி. 1892 ஜூன் 7-ஆம் தேதி முதல் வகுப்பு டிக்கெட் எடுத்து வெள்ளையர் பெட்டியில் ஏறினார். அவருடைய எட்டுப் பூட்டன்பூட்டிமாரில் ஒருவர் மட்டுமே கறுப்பினத்தவர் என்பதால் பார்த்தால் தெரியாது. தானே சொல்லிக் கைதானார். அவரைக் கைது செய்ய ஆள் ஏற்பாடு செய்ததே அவரை அனுப்பிய குடிமக்கள் குழுதான். வழக்கு உச்ச நீதிமன்றம் போக வேண்டும் என்பது திட்டம். போனது, 1896-இல் ஏழுக்கு ஒன்று என்று தோற்றது. ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்ற கொள்கை அரை நூற்றாண்டுக்கு மேல் நாட்டையே ஆண்டது. 2022 ஜனவரியில்தான் லூசியானா ஆளுநர் பிளெஸ்ஸிக்கு மரணத்துக்குப் பிந்தைய மன்னிப்பு வழங்கினார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் மன்னிப்பு வழங்கினார்கள் என்பது என் வருத்தம்.

அதே காலத்தில் ட்ரெமேயிலும் அக்கம்பக்கத்திலும் புதியவர்கள் குடியேறிக்கொண்டிருந்தார்கள். சிசிலியிலிருந்து வந்த ஏழைகள் ஃப்ரெஞ்ச் குவார்ட்டரின் பாழடைந்த வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். 1890-இல் காவல்துறைத் தலைவர் ஹென்னஸி சுட்டுக் கொல்லப்பட்டபோது பழி அவர்கள்மேல் விழுந்தது. 1891 மார்ச் 14 அன்று, காங்கோ சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த சிறைக்குள் ஒரு கும்பல் புகுந்து பதினொரு இத்தாலியரைக் கொன்றது. முந்தின நாள் யாரையும் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கவில்லை. நகரம் அதற்காக மன்னிப்புக் கேட்டது 2019-இல். இன்று ‘வெள்ளையர்’ பட்டியலில் இருக்கும் இத்தாலியர் அன்று எந்தப் பட்டியலில் இருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நம் பக்கத்திலிருந்தும் ஆட்கள் போயிருக்கிறார்கள். வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்து முஸ்லிம் வியாபாரிகள், ‘சிகன்’ எனப்படும் பூத்தையல் போட்ட துணிகளோடு 1880-களிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். கோடையில் நியூ ஜெர்சியின் கடற்கரை ஊர்களில் விற்பார்கள், குளிர்காலத்தில் நியூ ஆர்லியன்ஸ் வருவார்கள். வெள்ளையர் பேட்டையில் அவர்களுக்கு வீடு கிடையாது. ட்ரெமேயில் கிடைத்தது. சிலர் அங்கேயே கறுப்பினப் பெண்களையும் கிரியோல் எனப்படும் பிரெஞ்சு மரபுக் கலப்பினப் பெண்களையும் திருமணம் செய்து தங்கிவிட்டார்கள். அமெரிக்காவில் தெற்காசியர் வரலாறு என்றாலே 1965-க்குப் பிறகு வந்த மருத்துவர்களையும் பொறியாளர்களையும் சொல்லும் நமக்கு, தலைச்சுமை வியாபாரிகளின் இந்த வரலாறு அவசியம் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

பண்பாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தவக்காலத்துக்கு முந்தைய மார்டி கிரா கொண்டாட்டத்தின் ஊர்வலத்தைவிட மார்ச் 19-ஐப் படியுங்கள். அன்று புனித சூசையப்பர் திருநாள். பஞ்சத்தில் காத்த புனிதருக்குச் சிசிலிக் குடும்பங்கள் வீட்டிலும் கோயிலிலும் மூன்றடுக்குப் பீடம் கட்டி, ஏணி, சுத்தியல், சிலுவை வடிவங்களில் சுட்ட ரொட்டியும் மீனும் பழமும் நிரப்புவார்கள். வருகிறவர் யாரானாலும் சாப்பாடு, கையில் ஒரு காய்ந்த மொச்சைப் பயறு. இருட்டியதும் அதே நாள் வேறு மக்களின் நாளாகிவிடும். மார்டி கிரா இந்தியர்கள் என்று அழைக்கப்படும் கறுப்பினக் குழுக்கள், பழங்குடித் தலைவர்கள்போல இறகும் பாசிமணியும் தைத்த உடையில் தெருவுக்கு வருவார்கள். ஓடிப்போன அடிமைகளுக்கு அடைக்கலம் கொடுத்த பழங்குடியினருக்குச் செய்யும் மரியாதை என்பது அவர்கள் தரும் விளக்கம்.

அந்த உடையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மார்பில் ஒரு துண்டு, முழங்காலில் ஒரு துண்டு; ஒவ்வொன்றிலும் அரிசியைவிடச் சின்ன மணிகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் கோத்துத் தைத்த ஒரு காட்சி. ஆற்றின் மேல்பக்கத்துப் பேட்டைகளில் தட்டையான சித்திரம், ட்ரெமே பக்கம் புடைத்து எழும் சிற்பம்போன்ற வேலை. பார்த்தவுடன் எந்தப் பேட்டை என்று தெரிந்துவிடும். சில உடைகள் 45 கிலோவைத் தாண்டும். ஆண்டுதோறும் புதிதாகத் தைக்க வேண்டும் என்பது முறை. தைப்பவர்கள் பகலில் கட்டட வேலை செய்கிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள். புகழ்பெற்ற தலைவர் டூட்டி மொன்டானா சுவர்ப்பூச்சுக்கு அடியில் வரும் சட்டம் அடிக்கும் தொழிலாளி. 2005-இல் சூசையப்பர் இரவன்று போலீசார் குழுக்களைக் கலைத்தார்கள். அதைப் பற்றி ஜூன் 27 அன்று நகர மன்றத்தில் பேசிக்கொண்டிருந்தபோதே, 82 வயதில், மொன்டானா சரிந்து விழுந்து இறந்தார். சுற்றுலா விளம்பரத்தில் அந்த இறகு உடையைப் போடும் அதே ஊரில்தான் இது நடந்தது.

அடுத்து கிளைபோர்ன் அவென்யூவுக்குப் போங்கள், கால்நடையாக. ஒரு காலத்தில் சாலை நடுவே வரிசையாக ஓக் மரங்கள், அடியில் குடும்பங்கள் கூடும் புல்வெளி, இருபுறமும் கறுப்பினத்தவர் நடத்திய கடைகள், காப்பீட்டு நிறுவனங்கள், ஈமச்சடங்கு நிலையங்கள். 1966-இல் மரங்களை வெட்டிவிட்டு அதன்மேல் நெடுஞ்சாலை மேம்பாலம் போட்டார்கள். அதே பத்தாண்டில் ஃப்ரெஞ்ச் குவார்ட்டரின் ஆற்றங்கரையிலும் ஒரு நெடுஞ்சாலை வருவதாக இருந்தது. வசதியும் செல்வாக்கும் உள்ளவர்கள் போராடி 1969-இல் அதை ரத்து செய்ய வைத்தார்கள். இரண்டு இடத்துக்கும் இடையே நடை தூரம்தான். இன்று மேம்பாலத் தூண்களில் ஓவியர்கள் ஓக் மரங்களை வரைந்திருக்கிறார்கள். மார்டி கிரா அன்று மக்கள் இப்போதும் அந்தப் பாலத்துக்கு அடியில்தான் அடுப்பு மூட்டிக் கூடுகிறார்கள்; பித்தளை வாத்தியம் கான்கிரீட்டில் மோதி எழுப்பும் முழக்கத்தை வேறெங்கும் கேட்க முடியாது.

கத்ரீனா புயலைப் பற்றிப் படிக்க நிறையக் கிடைக்கும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2005 ஆகஸ்ட் 29. புயலைவிட, பொறியியல் பிழையால் உடைந்த கால்வாய்ச் சுவர்கள்தான் ஊரின் 80 சதவீதத்தை மூழ்கடித்தன. 2000-இல் 4,84,674 பேர் இருந்த ஊரில் 2010-இல் 3,43,829 பேர். திரும்ப முடியாதவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ட்ரெமேயை ஒட்டிய லஃபீட் குடியிருப்பு உட்பட நான்கு பொதுக் குடியிருப்பு வளாகங்களை இடிக்க 2007 டிசம்பரில் நகர மன்றம் வாக்களித்தது. இன்று ட்ரெமேயில் பல வீடுகள் பயணிகளுக்கு நாள் வாடகைக்குப் போகின்றன. வாத்தியக்காரருக்கு வீடு இல்லாத ஊரில் வாத்திய மரபு எத்தனை நாள் தாங்கும் என்பதே இந்த ஊரின் இன்றைய கேள்வி. தங்குமிடம் தேடும்போது இதை மனதில் வையுங்கள்.

ட்ரெமேயிலேயே நின்றுவிடாமல் ஒரு சனிக்கிழமை ஊரின் கிழக்குக் கோடிக்குப் போங்கள். 1975-க்குப் பிறகு கத்தோலிக்க மறைமாவட்டத்தின் உதவியோடு வந்த வியட்நாமியர் வாழும் பகுதி. பொழுது விடியும்போதே திறந்தவெளிச் சந்தை கூடும். கரையோரத்தில் தாங்களே விளைவித்த கீரையையும் மூலிகையையும் பாட்டிமார் தார்ப்பாயில் பரப்பி வைத்திருப்பார்கள். கத்ரீனாவுக்குப் பிறகு முதலில் திரும்பியவர்களில் இவர்கள் உண்டு. இடிபாட்டுக் குப்பையைக் கொட்ட 2006-இல் தங்கள் பகுதிக்கு அருகே ஒரு கிடங்கு திறந்தபோது, கறுப்பின அண்டை வீட்டாரோடு சேர்ந்து போராடி அந்த ஆண்டே மூட வைத்தார்கள். அங்குள்ள டோங் ஃபூங் பேக்கரி சுடும் மார்டி கிரா கேக்குக்கு இப்போது ஊரே வரிசையில் நிற்கிறது.

சரி, பத்து நாளை எப்படிப் பயன்படுத்துவது? மார்டி கிரா வாரத்தில் போகாதீர்கள். காப்பகங்கள் மூடியிருக்கும், அறை வாடகை தாங்காது. மார்ச் நடுப்பகுதி உங்களுக்குச் சரியாக இருக்கும். நோட்டரி காப்பகத்துக்கும், ஹிஸ்டாரிக் நியூ ஆர்லியன்ஸ் கலெக்‌ஷனின் ஆய்வு அறைக்கும் நான்கு பகல் கொடுங்கள். என்ன வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். ஒரு நாள் விட்னி தோட்டத்துக்கு. எசமானர் மாளிகையின் அழகை விட்டுவிட்டு அடிமைகளின் வாழ்க்கையைச் சொல்வதற்கென்றே 2014-இல் திறந்த அருங்காட்சியகம் அது. ட்ரெமேயில் பேக்ஸ்ட்ரீட் அருங்காட்சியகம், செயின்ட் அகஸ்டின் தேவாலயம். ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டை நலச் சங்கங்கள் நடத்தும் செகண்ட் லைன் ஊர்வலம், அதாவது பித்தளை வாத்தியக் குழுவின் பின்னால் மக்கள் ஆடிக்கொண்டே போவது. வழித்தடத்தை டபிள்யூ டபிள்யூ ஓ இசட் வானொலி அறிவிக்கும். ஊர்வலத்தின் ஓரமாக நடங்கள், வாத்தியக்காரர்களுக்கு நடுவே புகாதீர்கள். இறுதி ஊர்வலமானால் குடும்பத்தாரைக் கேட்காமல் கேமராவை எடுக்காதீர்கள்.

பிரெஞ்சு தெரியாதது தடையில்லை. ஸ்பானிய ஆட்சிக்காலப் பத்திரங்கள் ஸ்பானியத்திலும் பிரெஞ்சிலும் இருக்கும்; அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் பிரெஞ்சு நீடித்தது. ஆனால் விற்பனைப் பத்திரத்தின் வாசகம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். சில டஜன் சொற்கள் பழகிவிட்டால் பெயர், வயது, தெரு, விலை எல்லாம் எடுத்துவிடலாம். ஹாலின் தரவுத்தளம் ஆங்கிலத்தில் இருக்கிறது. டுலேன் பல்கலைக்கழகத்தின் ஹோகன் ஜாஸ் காப்பகம் 1958-லிருந்து ஆரம்பகால வாத்தியக்காரர்களை உட்கார வைத்துப் பதிவு செய்த பேட்டிகளும் ஆங்கிலம்தான். பலவற்றை வீட்டிலிருந்தே கேட்கலாம். முதல் வேலையாக அதிலிருந்து ட்ரெமேயில் வளர்ந்த இரண்டு மூன்று பேரின் பேட்டியைக் கேளுங்கள். எந்த மூலையில் யார் வீடு, யாரிடம் கிளாரினெட் படித்தார், எந்தத் தெருவைத் தாண்டக்கூடாது என்று வீட்டில் சொன்னார்கள் என்றெல்லாம் அவர்கள் சொல்லும்போது, வரைபடத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள்.